பென்சிலில் ஒரு கேள்வி: காதல் நாவல் படித்தவர்களின் அனுபவங்கள்

மேற்கு மாம்பலம் வாசகி:

வாடகைக்குப் புத்தகம் தரும் லெண்டிங் லைப்ரரியின் புத்தகத்தில் பென்சில் குறி போடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். என் அம்மாவுடைய அடையாளம் 27-ஆம் பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். எங்கள் லைப்ரரி, 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி லைப்ரரி மாதிரிப் பெரியது இல்லை. ஒரு கார் ஷெட்டில் நாலு அலமாரி, அவ்வளவுதான். மூடும்போது கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டார்கள். அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் எட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தேன்.

அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹீரோ பணக்காரன், கோபக்காரன், மனசு தங்கம். நாயகி வங்கியில் வேலை பார்க்கிறாள். மோதல், கட்டாயக் கல்யாணம், கொடைக்கானல், மழை. 61-ஆம் பக்கத்தில் இனி வேலைக்குப் போக வேண்டாம் என்கிறான், அவளும் வெட்கத்தோடு தலையாட்டுகிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் அம்மா கையெழுத்து, எறும்பு அளவுக்கு: "ஏன் விட்டாள்?"

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் ராஜினாமா செய்தார். "அப்போ அப்படித்தான்" என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கேள்வியை எழுதிய பிறகும் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. கடைசி வரை படித்திருக்கிறார், அடுத்த வாரம் அதே மாதிரி இன்னும் மூன்று எடுத்திருக்கிறார். மதியம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து படிக்கும்போது அவர் முகமே வேறு. கூப்பிட்டால் "ஒரு பக்கம்தான், இரு" என்பார். எரிச்சல் தந்த கதையிலேயே அவருக்கு என்ன கிடைத்தது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குரோம்பேட்டை, லேடீஸ் பெட்டி:

என்னுடையது சின்னது. காலை ரயில், நிற்கத்தான் இடம். போனில் தொடர்கதையின் கடைசி எபி, அதாவது எபிசோட், படித்துக்கொண்டிருந்தேன். அவன் குடையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இடம். பக்கத்தில் நின்ற பெண்ணும் என் தோள் வழியாகப் படிக்கிறாள் என்று பழவந்தாங்கல் தாண்டித்தான் தெரிந்தது. கையில் டிபன் பை, தலையில் நேற்றைய மல்லிகைப் பூ. நான் வேகமாகத் தள்ளியதும் "அக்கா, கொஞ்சம் மேல போங்க, அவ என்ன சொன்னான்னு பார்க்கல" என்றாள். மேலே தள்ளினேன். இரண்டு பேருமாகப் படித்தோம். சைதாப்பேட்டை போய்விட்டது. அவள் இறங்க வேண்டிய இடம் அதுதான், மாம்பலத்தில்தான் கவனித்தாள்.

இறங்கும்போது கதையின் பெயரைக் கேட்டாள். சுற்றி ஆபீஸ்காரிகள் நின்றார்கள். "சும்மா டைம்பாஸ் கதைதான்" என்று சொல்லிவிட்டேன், பெயரைச் சொல்லவில்லை. கதவு பக்கம் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆறு மாதம் ஆகிறது. அந்தப் பெட்டியில் அவளைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

ராயப்பேட்டை, பழைய புரூஃப் ரீடர்:

இதை யாரிடமும் சொன்னதில்லை. 90-களின் நடுவில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். மாத நாவல் என்றால் எங்களுக்கு 96 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரம். ஒரு பக்கம் கூடினால் ஏழாவது ஃபாரம் போட முடியாது, பேப்பர் கணக்கு இடிக்கும். கதை நீளமானால் முடிவில்தான் கை வைப்பார்கள். முன் அத்தியாயங்கள் ஏற்கெனவே பக்கம் கட்டியாகியிருக்கும்.

ஒரு மாதம் ஒன்றரைப் பக்கம் கூடிவிட்டது. எழுதிய அம்மா ஊரில் இல்லை. "நீங்களே பார்த்து எடுத்துடுங்க" என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் இரண்டு இடம் எடுக்கிற மாதிரி இருந்தது. ஒன்று, மொட்டை மாடியில் நிலா வெளிச்சத்தில் இரண்டு பேரும் நிற்பது. இன்னொன்று, அதற்கு முந்தின நாள் ராத்திரி அவன் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்து, அன்றைக்குக் கை ஓங்கியது தப்பு என்று சொல்வது. அவள் பதில் சொல்ல மாட்டாள், காபி டம்ளரை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைப்பாள். அந்தக் கதையிலேயே நல்ல இடம் அதுதான். படிக்கிறவர்கள் நிலாவைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துச் சமையலறையை எடுத்தேன். சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு.

அச்சில் வந்த கதையில் அவன் அடிக்கக் கை ஓங்கினான், அவள் மறுநாள் மொட்டை மாடியில் சிரித்தாள். இந்தக் கதைகளில் பெண்கள் சும்மாவே மன்னித்துவிடுகிறார்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வரும்.

நங்கநல்லூர் அம்மா:

மாம்பலம் சகோதரிக்கு: உங்கள் அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்றா கேட்கிறீர்கள்? நிம்மதி கிடைத்தது. முடிவு நல்லபடியாகத்தான் இருக்கும் என்ற உறுதி வேறு எதில் கிடைக்கிறது? சீரியலில் கிடைக்கிறதா? ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பாருங்கள். அருணோதயம் அரங்கில் ரமணிசந்திரன் நாவல்களை, துண்டுச் சீட்டில் எழுதி வந்த பட்டியலை வைத்துத் தேடுகிற பெண்கள் நிற்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது தவறு. புரூஃப் சார் சொல்வதையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். இன்றைக்கு ஆன்லைனில் பக்கக் கட்டுப்பாடே கிடையாது, நூறு எபி போகிறது. அப்போதும் ஹீரோ அடிக்கிறான், அவள் மன்னிக்கிறாள். அதற்கு யாருடைய சிவப்புப் பேனா காரணம்?

என் அனுபவம்: பத்தாவது படிக்கும் மகள் என் டேப்லெட்டில், நாயகியை அடக்கி மிரட்டுகிற முரட்டு ஹீரோ வரும் ஓர் ஆன்டி ஹீரோ கதையைப் படித்துவிட்டு, "ஏம்மா, அப்பா உன் கையைப் பிடிச்சு இழுத்ததே இல்லையா? அப்போ உன் மேல அவ்ளோ ஆசை இல்லையா?" என்று கேட்டாள். தோசைக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அதனால் சொல்கிறேன். முதலில், புதுக் கதை எடுத்தால் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். ஹீரோ திருந்தியிருக்கிறானா, அவளுடைய வேலை என்ன ஆயிற்று, இந்த இரண்டையும் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் வேறு கதை எடுங்கள், கதைக்கா பஞ்சம்? ராத்திரி பதினொன்றுக்கு மேல் தொடங்காதீர்கள், கண்ணும் போகும், மறுநாள் சமையலும் போகும். ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து படிக்காதீர்கள், ஐந்தாவது கதையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், அப்புறம் குறை சொல்லத் தோன்றும். கதையை இழுக்கிறார்கள் என்று கோபப்படும் முன், சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்டில் 2015 ஜூலையிலிருந்து நாம் படித்த பக்கங்களின் கணக்கில்தான் எழுதுகிறவர்களுக்குப் பணம் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பிடிஎஃப் சுற்றுக்கு விடாதீர்கள், நம்மை மாதிரி வீட்டு வேலைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அவர்கள். வளர்ந்த பெண் பிள்ளை இருந்தால் பிடுங்கி வைக்காதீர்கள், ஒளித்துப் படிப்பாள். கூட உட்கார்ந்து படியுங்கள். நடுநடுவே எழுத்தாளர் லட்சுமியையும் படியுங்கள். மருத்துவராக இருந்துகொண்டு குடும்பக் கதைகள் எழுதியவர், 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வாங்கினார். குடும்பக் கதை என்றால் மட்டம் என்று பேசுகிறவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். இங்கிலீஷில் படிப்பதுதான் தரம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று: மில்ஸ் அண்ட் பூனே 1908-இல் எல்லா வகைப் புத்தகமும் போடும் பதிப்பகமாகத்தான் தொடங்கியது. 1930-களில்தான் காதல் கதை பக்கம் முழுசாகத் திரும்பியது, பெண்கள் வாடகை நூலகத்தில் அதைத்தான் கேட்டார்கள் என்பதால். ஊர் எதுவானாலும் நாம் தேடுவது ஒன்றுதான்.

குரோம்பேட்டை, லேடீஸ் பெட்டி:

கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டால் அப்புறம் எதற்கு அக்கா படிப்பது? அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கும் முடிவு தெரியும், எனக்கும் தெரியும், சேர்ந்துவிடுவார்கள் என்று. எப்படிச் சேருவார்கள் என்பதற்காகத்தான் அவள் ஸ்டேஷனை விட்டாள்.

தொடர்கதை எழுதுபவள்:

புரூஃப் சார் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைச் சொல்லத் துணிந்தேன். நானும் ஆன்டி ஹீரோ கதை எழுதினேன். அதற்குத்தான் கமெண்ட் வரும், மென்மையான ஹீரோ என்றால் சைலன்ட் ரீடர்கள்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முப்பத்தி நாலாவது எபியில் எனக்கே பொறுக்கவில்லை. நாயகியைப் பெட்டியோடு கிளப்பி அடையாறில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை டியூட்டிக்குப் போகிறாள், கதை முடிந்தது என்று போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் வந்தது. மனப்பாடமாக இருக்கிறது (யூடி என்றால் அப்டேட், புதிதாகப் போடும் எபி). "தினமும் உங்க யூடி படிச்சிட்டுத்தான் தூங்குவேன் மா. எங்க வீட்டுல தப்புன்னு ஒருத்தரும் ஒத்துக்கிட்டதே இல்ல. உங்க ஹீரோவாவது கேப்பான்னு முப்பத்தி நாலு எபி காத்திருந்தேன். அவ கிளம்பிட்டா இனி யார்கிட்ட கேப்பான்?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கிளம்பியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? மறுநாள் இன்னொரு எபி எழுதினேன். ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் முன்னாலேயே நின்று மன்னிப்புக் கேட்கிறான். முழு எபியும் அது மட்டும்தான். கடைசியில் அவள் வேலையை விடாமல் அவனோடு திரும்பிப் போகிறாள். கமெண்ட் குவிந்தது. மெசேஜ் அனுப்பியவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் எழுதவும் இல்லை. அவர் படித்தாரா, படித்துவிட்டு இவ்வளவுதானா என்று நினைத்தாரா, தெரியவில்லை. திருப்பி அனுப்பியது தப்போ என்று புதுக் கதை தொடங்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

ராயப்பேட்டை, பழைய புரூஃப் ரீடர்:

நீங்கள் கூடுதலாக ஓர் எபி எழுதினீர்கள் அம்மா. நான் இருந்ததை எடுத்தேன். இரண்டும் ஒன்றாகாது.

மேற்கு மாம்பலம் வாசகி:

எல்லாவற்றையும் படித்தேன். நங்கநல்லூர் அக்கா, நிம்மதி என்று நீங்கள் சொன்னது பாதிதான் என்று எனக்குப் படுகிறது. நிம்மதிக்காகப் படிக்கிறவர் பென்சிலை எடுத்திருக்க மாட்டார்.

நேற்று ராத்திரி எட்டுப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 27-இல் வட்டம் இருக்கிறது. எழுத்து அந்த ஒரு புத்தகத்தில் மட்டும்தான். புரூஃப் சார் சொன்னதால் அதில் மன்னிப்பு இருக்கிறதா என்றும் தேடினேன். இருக்கிறது. 90-ஆம் பக்கத்தில், கீழே, இரண்டே வரி. அவள் வேலையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் மூலை பல தடவை மடித்துப் பிரித்து, துணி மாதிரி நைந்து போயிருக்கிறது. அம்மா மடித்ததா, அந்தப் புத்தகத்தை எடுத்துப்போன மற்றவர்கள் மடித்ததா, சொல்ல முடியவில்லை.