ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேசிஸ்: பாடியை இறக்கணுமா, வேண்டாமா?

குன்னூர் பச்சை ஹெரால்டு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பன்னிரண்டு வருஷமா வீட்டுக்குக் கீழே ஷெட்டில் நிற்கிறது. மண் தரை. குன்னூர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. போன மாதம் ஜாக்கி போட்டு நாலு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றினேன். சேசிஸ், அதாவது பாடியைத் தாங்குகிற அடிச்சட்டம், அதன் நடுச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்கிறது. அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளான அவுட்ரிகர்கள்தான் கவலை. இடது பின் அவுட்ரிகரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் தேயிலைத்தூள் மாதிரி துரு கொட்டுகிறது. வலது முன்பக்கமும் மெலிந்திருக்கிறது.

சஸ்பென்ஷனை முழுக்கக் கழற்றிப் புதுப்பிப்பது முடிவாகிவிட்டது. பாடியை இறக்கிவிட்டு சேசிஸைத் தனியாகச் செய்வதா, பாடி இருந்தபடியே செய்வதா என்பதில்தான் குழப்பம். செய்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை லேத்:
யோசிக்காதீங்க, இறக்குங்க. இந்த வண்டியைச் செய்ததே அப்படித்தான். 1953ல் இங்கிலாந்தில் ஃபிஷர் அண்ட் லட்லோ பாடி கம்பெனியைப் போட்டி கார் கம்பெனியான பிஎம்சி வாங்கிக்கொண்டது. ஹெரால்டை உருவாக்கிய ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்கு மோனோகாக் பாடி, அதாவது தனிச் சேசிஸ் இல்லாத ஒரே கூடு, செய்துதர ஆள் இல்லாமல் போனது. அதனால்தான் தனிச் சேசிஸ் போட்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் சேர்த்தார்கள். அம்பாசடர், பத்மினி எல்லாம் இப்படிப் பிரியாது, அவற்றில் பாடிதான் சேசிஸ். உங்களுக்குக் கிடைத்திருக்கிற வசதி அவர்களுக்குக் கிடையாது.

பாடி மேலே இருந்தால் அவுட்ரிகரின் மேல்முகத்தை எப்படிப் பார்ப்பீங்க? பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஈரம் தங்குகிற இடம் அதுதான். கீழே வெல்டு வைத்து பெயின்ட் அடித்துவிட்டு மேலே துருவை விட்டுவைத்தால் ரெண்டு மழைக்காலத்தில் திரும்ப வரும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
இறக்குங்கன்னு சொல்றது சுலபமுங்க. திரும்ப ஏத்தறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். ஹெரால்டுல கதவுக்குக் கீழ இருக்கறது போல்ட்டு போட்ட வெறும் தகடுங்க, அதுக்குப் பலமே கிடையாது. பாடியைத் தாங்கறது சேசிஸோட பக்கச் சட்டமும் அவுட்ரிகரும்தான். அதை விட்டுத் தூக்கினா பாடி நடுவுல மடங்கும்.

நாலு வருஷம் முன்னாடி எங்க பட்டறைக்கு ஒரு வண்டி வந்துச்சு. வேற ஊர்ல பாடி இறக்கி, பளபளன்னு சேசிஸ் பண்ணி, ஏத்திக் குடுத்திருந்தாங்க. எந்த ஊரு, எந்தப் பட்டறைன்னு சொல்லலை. டிரைவர் கதவைச் சாத்தினா மேல் முனை பில்லர்ல இடிக்குது, கீழ விரல் நுழையற சந்து. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருந்த பேக்கிங் தகடு எது எந்த இடத்துதுன்னு குறிச்சு வைக்காமயே கழட்டியிருக்காங்க. அதைச் சரி பண்ண எனக்கு மூணு வாரம் ஆச்சு. வண்டிக்காரர் கண்ணு கலங்கி நின்னாருங்க.

நடுச் சட்டம் நல்லா இருக்குதுன்னு தம்பியே சொல்றாப்ல. அப்புறம் எதுக்குத் தூக்கணும்?

கோவை லேத்:
அண்ணா, அது இறக்கினதோட தப்பு இல்லை, குறிக்காமல் இறக்கினதோட தப்பு. கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் வெல்டு வைத்து இறுக்கிவிட்டுத் தூக்கினால் ஏன் மடங்கப்போகிறது? ஒவ்வொரு பேக்கிங்கையும் போட்டோ எடுத்து, நம்பர் போட்டு, தனித்தனி கவரில் போட்டால் ஏன் மாறப்போகிறது?

இன்னொன்று. பின்பக்கக் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கை பாடி இருக்கும்போது எப்படி எடுப்பீங்க?

மேட்டுப்பாளையம் பட்டறை:
பின் சீட்டைத் தூக்கினா அடியில ஒரு மூடி இருக்குதுங்க. அதைத் திறந்தா டிஃப்ரன்ஷியல், அதாவது பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் குடுக்கற கியர் பெட்டி, அது மேல இருக்கற ஸ்பிரிங் நட்டு கைக்கு வந்துரும். கம்பெனிக்காரனே பாடியோட வேலை செய்யத்தான் அந்த வழியை வெச்சிருக்கான். முன் சஸ்பென்ஷனுக்கு பானெட்டு மொத்தமா முன்னால சாஞ்சுக்குது, டயர் மேல உக்காந்துட்டே வேலை பாக்கலாம்.

கோத்தகிரி 948:
ரெண்டு பேரும் சட்டத்தைப் பற்றியே பேசறீங்க. மலையில் வண்டி ஓட்டுகிறவளாக நான் ஒன்று சொல்கிறேன். தம்பி, பாடியை இறக்குங்க, இல்லை அப்படியே விடுங்க, அது உங்க இஷ்டம். முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கிற இரும்புத் தண்டுதான் வெர்டிக்கல் லிங்க், அதன் அடி மரை திருகி உட்காருகிற இடம் டிரனியன். அந்த லிங்க் ரெண்டையும் டிரனியனிலிருந்து முழுக்கக் கழற்றி, மரையைக் கண்ணால் பார்க்காமல் வண்டியைக் கீழே இறக்காதீங்க.

என் வண்டியில் வருஷக்கணக்காக அந்த இடத்தில் கிரீஸ்தான் அடித்திருந்தார்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினேன், நடக்கிற வேகம்கூட இல்லை. கடக்கென்று சத்தம். வலது முன் சக்கரம் வெளிப்பக்கமாகப் படுத்துவிட்டது. உடைந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி காபிக்கொட்டை நிறத்தில் பழைய விரிசல், ஓரத்தில் நகக்கண் அளவுதான் வெள்ளையாகப் புது முறிவு. எத்தனை மாதம் அந்த நகக்கண் அளவு இரும்பை நம்பி பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போனேனோ! அதே முறிவு மேட்டுப்பாளையம் இறக்கத்தில் நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

அங்கே கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில்தான் போடவேண்டும். டிரனியன் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி, மரை அதற்குள் எண்ணெயில் முங்கி நிற்கணும். கிரீஸ் அடி மரை வரைக்கும் போகாது, காய்ந்து கட்டியாகிவிடும். மேல் சீல் வழியாக இறங்குகிற மழைத்தண்ணி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
அக்கா, நாங்க இத்தன வருஷமா கிரீஸ்தான் அடிச்சிருக்கோம். ஆயில் ஊத்தினா ஒரே வாரத்துல வழிஞ்சு போயிருதுங்க. அப்புறம் ஒண்ணுமே இல்லாமத்தான் ஓடும்.

கோத்தகிரி 948:
வழிகிறது என்றால் டிரனியன் தேய்ந்துவிட்டது, இல்லை சீல் போய்விட்டது என்று அர்த்தம். எண்ணெய் வழிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். கிரீஸ் அடித்தால் மறைந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். கம்பெனி கையேட்டிலும் ஹைப்பாய்டு ஆயில், அதாவது கியர் ஆயில், என்றுதான் போட்டிருக்கிறது. தயவுசெய்து உங்க பட்டறைக்கு வருகிற அடுத்த ஹெரால்டில் இருந்தாவது மாற்றுங்க. கெஞ்சியே கேட்கிறேன்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
உங்க வண்டிக்கு ஆனதைப் படிச்சதுக்கப்புறம் நான் மறுத்துப் பேசலைங்க. ஆயிலுக்கே மாத்திக்கறேன். பாடி விஷயத்துல மட்டும் என் பேச்சு மாறாது.

கோவை லேத்:
டிரனியன் விஷயத்தில் அக்கா சொன்னதே என் கருத்தும். கூட ஒன்று: இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர். கழற்றும்போதே எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்க. தேய்ந்த வெர்டிக்கல் லிங்க்கில் வெல்டு ஏற்றி லேத்தில் மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீங்க. நானே லேத் வைத்திருக்கிறவன், நான் செய்யமாட்டேன்.

பாடிக்கு வருகிறேன். இறக்கினால்தான் சாண்ட் பிளாஸ்டிங் பண்ணமுடியும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
பண்ணினா மணல் பெட்டிச் சட்டத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். அதை முழுசா எடுக்கலைன்னா அதுவே ஈரத்தைப் புடிச்சு வெச்சு அரிக்கும். அது மேல பவுடர் கோட்டிங் வேற அடிச்சா, ஒரு கல்லு தெறிச்சு கீறினாப் போதும், தண்ணி அடியில ஓடிரும், மேல பாத்தா புதுசாவே இருக்கும். மலை வண்டிக்கு எபாக்ஸி பிரைமர், மேல கறுப்பு, பெட்டிக்குள்ள மெழுகு. கீறினா தெரியணும், தொட்டு அடிக்க முடியணும்.

குன்னூர் பச்சை ஹெரால்டு:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க அளந்தேன். சேசிஸில் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, கீழே பலகை போட்டு சாக்பீஸில் குறித்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். ரெண்டு அளவுக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சட்டம் கோணவில்லை. கதவுச் சந்துகளும் அப்பா ஓட்டிய நாளில் இருந்தபடியே நேராக இருக்கின்றன. அதை என் கையால் கலைக்க மனசு வரவில்லை.

பாடியை இறக்கப்போவதில்லை. கதவு வாசலில் ஆங்கிள் வைத்து இறுக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு அவுட்ரிகர். புதியது உட்கார்ந்து அளவு பார்த்த பிறகுதான் அடுத்ததை வெட்டுவேன்.

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்த அன்றே வெர்டிக்கல் லிங்க்குகளைக் கழற்றினேன். வலது நன்றாக இருக்கிறது. இடதில் மரை முடிகிற இடத்தில் குழி குழியாக அரித்திருக்கிறது. ரெண்டையுமே மாற்றுகிறேன்.

கோவை லேத்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவுட்ரிகரை வெட்டி எடுத்ததும் மேலே பாடித் தரையின் அடிப்பக்கம் தெரியும். வெல்டு வைக்கிறதுக்கு முன்னால் அதைச் சுரண்டிப் பாருங்க, போட்டோ போடுங்க. அங்கேயும் துரு இருந்தால் நீங்க முடிவை மாற்றித்தான் ஆகணும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:
அது நியாயமான பேச்சுங்க, பாத்துருங்க தம்பி. அப்புறம், சக்கரத்தைச் சேசிஸோட சேக்கற கைதான் விஷ்போன், புது ரப்பர் புஷ் போட்ட அந்த விஷ்போன் போல்ட்டு எதையும் வண்டி ஸ்டாண்டுல தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீங்க. டயர் மாட்டி, வண்டியைத் தரையில இறக்கி, ரெண்டு ஆள உக்கார வெச்சு, அப்புறமா இறுக்குங்க. இல்லைன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சுரும். பின் ஸ்பிரிங் ஏத்தற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, ஸ்பிரிங்கைத் தூக்கற கருவி என்கிட்ட இருக்குது, எடுத்துக்கிட்டு காலைல முதல் பஸ்ஸுக்கே வந்தர்றேன்.