செக்கு மெஷினுக்கு முன்பணம் கேட்கிறார்கள், கம்பெனி உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?

அறந்தாங்கி செக்கு:
வணக்கம். எங்கள் பக்கம் கடலை நன்றாக விளையும். தம்பியும் நானும் சேர்ந்து சின்னதாக ஒரு மரச்செக்கு போட முடிவு செய்திருக்கிறோம். மெஷின் செய்து தருவதாகக் கோவையில் ஒரு கம்பெனி கொட்டேஷன் அனுப்பியிருக்கிறது. மொத்தம் 2,70,000 ரூபாய். பாதிப் பணம் போட்டால்தான் வேலையை ஆரம்பிப்பார்களாம். தாளில் கம்பெனி பெயரோடு ‘பிரைவேட் லிமிடெட்’ என்று இருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது. ‘20 வருட அனுபவம், சொந்தத் தொழிற்சாலை’ என்றும் போட்டிருக்கிறது. பேசுகிறவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் பணம் போடச் சொல்லும் கணக்கு ஒரு தனி ஆள் பெயரில் இருக்கிறது. அம்மா நகையை அடகு வைத்துத்தான் இந்தப் பணத்தைப் புரட்டுகிறோம். வீட்டிலிருந்தே என்னென்ன பார்க்கலாம்? ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் போதுமா?

திருப்பூர் கணக்கர்:
போதாது அக்கா. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். தளத்துக்குப் போவதற்கு முன் அந்த எண்ணையே ஒரு தடவை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் தொழில் நடத்துகிறவரின் பான் எண். பானில் நாலாவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து, அவர் யார் என்று சொல்லிவிடும். ‘சி’ என்றால் கம்பெனி. ‘எஃப்’ என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப். ‘எச்’ இந்துக் கூட்டுக் குடும்பம். ‘பி’ என்றால் தனிநபர். பிரைவேட் லிமிடெட் என்று சொல்கிறவருக்கு அங்கே ‘சி’ இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ போய் எண்ணைப் போடுங்கள். லாகின் வேண்டாம், காசும் இல்லை. சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவான தேதி, விலாசம், தொழிலின் தன்மை, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, எல்லாம் வரும். அதற்குக் கீழே ரிட்டர்ன் தாக்கல் செய்த விவரமும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் 3பி என்கிற ரிட்டர்னைப் போட்டிருக்கிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம், ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையில் போடலாம். பல காலாண்டாக எதுவுமே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அறந்தாங்கி செக்கு:
பார்த்துவிட்டேன் தம்பி. ஆறாவது எழுத்து ‘பி’. சட்டப்படியான பெயர் என்று ஒரு ஆளின் பெயர் வருகிறது, ஆனால் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் அவர் இல்லை. வியாபாரப் பெயரில் பிரைவேட் லிமிடெட் இல்லை. பதிவான தேதி 2023. தொழிலின் தன்மையில் சில்லறை, மொத்த வியாபாரம் இரண்டுதான் இருக்கிறது, தொழிற்சாலை என்று எதுவும் இல்லை. பதிவு நடப்பில்தான் இருக்கிறது.

திருப்பூர் கணக்கர்:
ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். 2023 என்பதை மட்டும் வைத்து ஆளைச் சந்தேகிக்க முடியாது. ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலை 1-ல்தான். அப்பா நடத்திய தொழிலை மகன் தன் பெயரில் மாற்றியிருந்தால் புது எண்தான் வரும். தனிநபர் நடத்துவதும் தப்பில்லை, கோவையில் நல்ல மெஷின் செய்கிற பட்டறைகள் எத்தனையோ அப்படித்தான் ஓடுகின்றன.

ஆனால் தனிநபர் தொழிலுக்குப் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுக்கொண்டதும், பணம் மூன்றாவது ஆளுக்குப் போவதும் சாதாரண விஷயம் இல்லை. இன்னொன்றும் நடக்கிறது. ஜிஎஸ்டி எண்ணை எந்த பில்லிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையான ஒரு வியாபாரியின் எண்ணைத் தங்கள் தாளில் போட்டுக்கொண்டு பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எண் நிஜமாகவே இருக்கும், உங்களிடம் பேசுகிறவருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அதனால்தான் கணக்குப் பெயரை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சட்டப்படியான பெயரிலோ வியாபாரப் பெயரிலோ இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

வக்கீல் குமாஸ்தா:
கம்பெனியாகப் பதிவு செய்யாமல் பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் போடுவது 2013 கம்பெனிச் சட்டத்தின் 453-வது பிரிவுப்படி தண்டனைக்குரியது. எம்சிஏ, அதாவது மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள் அம்மா. இ-கோர்ட்ஸ் தளத்தில் கோவை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று ஆண்டு வாரியாகத் தேடலாம். முன்பணம் வாங்கி ஏமாற்றுகிறவர்கள் மேல் செக் பவுன்ஸ் வழக்கு, அதாவது செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு வழக்கு, கிடப்பது வழக்கம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் விலாசத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத ஒருவர் மேல் பழி போட்டதாகிவிடும்.

காங்கேயம் எண்ணெய்:
நான் செக்கு ஓட்டுகிறவன். முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம், அதற்காக மட்டும் யாரையும் ஒதுக்க வேண்டாம். ஏற்கெனவே மெஷின் வாங்கிய மூன்று பேரின் விலாசத்தைக் கேளுங்கள். கம்பெனிக்காரர்கள் தருகிற போன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பட்டறைக்கும் ஒரு நடை போய் வருவது நல்லது. ஜிஎஸ்டி எண்ணை வாசல் பெயர்ப்பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி, தாளில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள்.

அறந்தாங்கி செக்கு:
கணக்குப் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று போனில் கேட்டேன். ‘ஆடிட்டர் சொல்லித்தான், இன்றைக்கே போட்டால் பத்தாயிரம் குறைக்கிறேன்’ என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். எம்சிஏ-வில் அந்தப் பெயரில் கம்பெனியே இல்லை. பணம் போடப் போவதில்லை.

இன்னொரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. அதில் ஆறாவது எழுத்து ‘சி’, கணக்கும் கம்பெனி பெயரில்தான். தாளின் அடியில் 21 எழுத்தில் ஒரு நீள எண் இருக்கிறது, அது என்ன?

திருப்பூர் கணக்கர்:
அது சின் எண், அதாவது கம்பெனியின் பதிவு எண், கம்பெனிகள் கடிதத்திலும் பில்லிலும் போட வேண்டியது. முதல் எழுத்து ‘யு’ என்றால் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. பிறகு ஐந்து எண் தொழில் வகை, அடுத்து மாநிலத்துக்கு இரண்டு எழுத்து. கோவை பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு ‘டிஎன்’ வராது, ‘டிஇசட்’ என்று இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதற்கடுத்த நாலு இலக்கம் கம்பெனி தொடங்கிய ஆண்டு. ‘20 வருட அனுபவம்’ என்கிற பேச்சை இதோடு ஒப்பிடலாம். எம்சிஏ-வில் இந்த எண்ணைப் போட்டால் பதிவு அலுவலக விலாசம், இயக்குநர்கள், கடைசியாக எந்த ஆண்டு பேலன்ஸ் ஷீட் தாக்கல் செய்தார்கள் என்பதெல்லாம் இலவசமாக வரும். 100 ரூபாய் கட்டினால் பேலன்ஸ் ஷீட்டையே திறந்து பார்க்கலாம். அதில் விற்பனைத் தொகையைப் பாருங்கள். வருடம் நூறு மெஷின் விற்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சில லட்சம்தான் காட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

அறந்தாங்கி செக்கு:
தொடங்கிய ஆண்டு 2011, பேலன்ஸ் ஷீட் விடாமல் தாக்கல் ஆகியிருக்கிறது. தம்பி திங்கட்கிழமை பட்டறைக்குப் போகிறான். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

காங்கேயம் எண்ணெய்:
போகும்போது உங்கள் நிலக்கடலைப் பருப்பையே எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவர்கள் மெஷினில் ஆட்டி, எண்ணெய் எவ்வளவு வருகிறது என்று எடை போட்டுப் பார்க்கட்டும். புண்ணாக்கைக் கையில் எடுத்து நன்றாக அழுத்தினால் எண்ணெய் கசியக்கூடாது.