தலைப்புல அவங்க பேரு எங்க?

குழு: நம்ம வீடு

தம்பி: (ஃபார்வர்டு செய்த படத்தொகுப்பு) ஒலிம்பிக்ஸ் அழகிகள் 20 பேர் 😍

சித்தி: எல்லாரும் லட்சணமா இருக்காங்க. யாரு என்ன விளையாடறாங்கன்னே போடலையே?

நான்: அதேதான் சித்தி. இருபது படமும் பாத்துட்டேன். ஒரு பதக்கம், ஒரு நேரம், ஒரு தூரம், எதுவும் இல்ல. தம்பி, உன்மேல கோவம் இல்லடா. இதைத் தொகுத்தவங்க மேலதான்.

தம்பி: பாராட்டித்தானக்கா போட்டிருக்காங்க?

நான்: எதைப் பாராட்டி? 2016 ரியோல கோரி காக்டெல்னு அமெரிக்க துப்பாக்கி சுடும் வீராங்கனை வெண்கலம் வாங்கினாங்க. 2008 பெய்ஜிங்லயும் வெண்கலம் வாங்கினவங்க. சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை ட்விட்டர்ல என்ன போட்டுச்சுன்னா, 'பேர்ஸ் அணி வீரரின் மனைவி வெண்கலம் வென்றார்'. அவங்க பேரும் இல்ல, என்ன விளையாட்டுன்னும் இல்ல.

மாமா: பேர்ஸ் அந்த ஊரு அமெரிக்கன் ஃபுட்பால் அணி. ஊர்க்காரங்களுக்குப் புரியட்டும்னு போட்டிருப்பாங்க.

நான்: உறவைச் சொல்லட்டும் மாமா, பேரைச் சொல்லிட்டுச் சொல்லட்டும். அதே ரியோல ஹங்கேரி நீச்சல் வீராங்கனை கதின்கா ஹோசு 400 மீட்டர் மெட்லில உலக சாதனை. பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல்னு நாலும் நீந்தி 4:26.36. பழைய சாதனையைவிட ரெண்டு செகண்டுக்கு மேல கம்மி! அமெரிக்க டிவி என்பிசியோட கேமரா அவங்க கணவரைக் காட்டுது, வர்ணனையாளர் 'இதுக்குக் காரணமானவர் இவர்தான்'ங்கறார்.

பெரியப்பா: அவர்தானேம்மா கோச்சு? அவரைப் பாராட்டறதுல என்ன தப்பு?

நான்: தாராளமா பாராட்டட்டும் பெரியப்பா. ஆனா எந்தச் சுத்துல அந்த ரெண்டு செகண்டு கிடைச்சுதுன்னு பேச வேண்டிய நேரம் அது. நீந்தினவங்க இன்னும் தண்ணியைவிட்டே வரல, அதுக்குள்ள பெருமை கரையில நிக்கறவருக்குப் போயிடுச்சு.

அக்கா: கேக்கற கேள்வியும் அப்படித்தான். 2017 உலகக் கோப்பை தொடங்கறப்ப மித்தாலி ராஜ்கிட்ட 'பிடிச்ச ஆண் கிரிக்கெட்டர் யாரு'ன்னு ஒரு நிருபர் கேட்டார். 'இதே கேள்வியை ஆண் வீரர்கிட்ட கேப்பீங்களா'ன்னு திருப்பிக் கேட்டாங்க. 2015 ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ்ல யூஜினி பூஷார்ட் ஜெயிச்சுட்டு கோர்ட்ல நிக்கறாங்க, டிரெஸ்ஸைக் காட்ட ஒரு சுத்து சுத்துங்கன்னு பேட்டி எடுத்தவர் சொல்றார்.

சித்தி: அடப்பாவமே, ஜெயிச்ச பொண்ணையா!

மாமா: எல்லாம் சரி. பாக்க ஆளு இருந்தா சேனல்காரங்க தானா காட்டுவாங்க. ஆளு இல்லையே.

நான்: ஆளு இருந்தது மாமா. 1920 டிசம்பர்ல லிவர்பூல் குடிசன் பார்க்ல பெண்கள் கால்பந்து பாக்க 53,000 பேர் வந்தாங்க. அடுத்த டிசம்பர்லயே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அதோட கிளப் மைதானங்கள்ல பெண்கள் ஆடக்கூடாதுன்னுடுச்சு. அந்தத் தடை நீங்க 50 வருஷம் ஆச்சு. 2022ல பார்சிலோனா பெண்கள் அணிக்கு 91,000 பேருக்கு மேல. அமெரிக்காவுல 1989லேர்ந்து டிவி விளையாட்டுச் செய்தியை ஆராய்ச்சி பண்ணிட்டு வராங்க. அப்ப பெண்களுக்கு 5 சதவீத நேரம், 2019ல 5.4. முப்பது வருஷமா காட்டவே இல்லன்னா ஆளு எப்படிச் சேரும்?

அக்கா: பாரிஸ்ல 2024ல ஒலிம்பிக் ஒளிபரப்புக்காரங்களே கேமராமேன்களுக்குச் சொன்னாங்க, ஆண் பெண் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி எடுங்கன்னு. பெண்களுக்கு க்ளோசப் அதிகமா வைக்கறாங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

தம்பி: சரிக்கா, புரியுது. நானும் இதையெல்லாம் கவனிச்சதில்ல.

நான்: பெரியப்பா, உங்களுக்கு ஒரு கேள்வி. ஒருநாள் கிரிக்கெட்ல முதல் இரட்டைச் சதம்?

பெரியப்பா: இதென்னம்மா கேள்வி! சச்சின், குவாலியர், 2010.

நான்: ஆஸ்திரேலியாவோட பெலிண்டா கிளார்க், 1997 பெண்கள் உலகக் கோப்பை, மும்பை. 155 பந்துல 229, நாட் அவுட். 12 வருஷம் கழிச்சு சச்சின் அடிச்சப்ப 'உலகிலேயே முதல்முறை'ன்னுதான் நாம படிச்சோம்.

பெரியப்பா: மும்பையிலயா? இத்தன வருஷமா கிரிக்கெட் பக்கத்தை ஒரு வரி விடாம படிக்கறேன், கண்ணுலயே படலையே.

மாமா: எதிரணி யாரு?

நான்: டென்மார்க்.

மாமா: அதானே பாத்தேன்.

பெரியப்பா: மாப்ள, உலகக் கோப்பை ஆட்டம் அது. கபில் 175 அடிச்சது ஜிம்பாப்வேக்கு எதிரா, இன்னிக்கும் பேசறோம்ல? அந்த ஸ்கோர்கார்டு கிடைச்சா அனுப்பும்மா.