டைரக்ட் அனிமேஷன்: ‘கீறுபடம்’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு,

கேமரா இல்லாமல் ஃபிலிம் சுருளின் மேலேயே கையால் தீட்டியோ சுரண்டியோ செய்யும் அசைவூட்டம்தான் டைரக்ட் அனிமேஷன். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன். எழும் கேள்வி இது:

> ‘நேரடி அசைவூட்டம்’ போதுமே, இன்னொரு சொல் எதற்கு?

போதாது என்றே நினைக்கிறேன். ‘நேரடி’ என்றதும் கிரிக்கெட் ஒளிபரப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘கேமரா இல்லாப் படம்’ என்பதும் ஒட்டவில்லை. என்ன இல்லை என்று சொல்கிறதே தவிர, கை என்ன செய்தது என்று சொல்லவில்லை.

1935இல் அசைவூட்டக் கலைஞர் லென் லை, பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவுக்காக ‘எ கலர் பாக்ஸ்’ செய்தபோது ஃபிலிம் சுருளின் மேலேயே வண்ணம் தீட்டினார். 35 மி.மீ. சுருளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்றால் ஒன்றரை அடி நீளம். அவரோ பல இடங்களில் சட்டகக் கணக்கே பார்க்காமல் நீளவாக்கில் இழுத்துக்கொண்டு போனார். திரையில் நெளிந்து துடிக்கும் கோடு, சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே தீற்றலாக ஓடும். சேகரிப்பாளர்கள் மயங்குவது இதில்தான். மற்ற அசைவூட்டத்தில் வரைந்த தாள் வேறு, ஃபிலிம் வேறு. இங்கே ஃபிலிமே ஓவியம். கை பட்ட சுருள் ஒன்றே ஒன்று.

1958இல் அவரே ‘ஃப்ரீ ராடிகல்ஸ்’ படத்துக்குக் கறுப்புச் சுருளைக் கூர்முனையால் சுரண்டினார். ஆக, தீட்டல், சுரண்டல் இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ‘படம் கீறினான்’ என்றால் வரைந்தான் என்று பொருள். ஓலையில் எழுத்தாணி எழுதியதும் கீறித்தான். அதனால் ‘கீறுபடம்’ என்கிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. கை பட்ட மூலத்துக்குக் ‘கீறுசுருள்’, அதிலிருந்து எடுத்தவற்றுக்குப் ‘பிரதி’. வாங்குபவருக்கு இந்த வேறுபாடு உயிர்.

ஒரு தடை உண்டு. தமிழ்நாட்டில் கீறல் என்றால் பழுது. ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்கிறோம். விற்பனைப் பட்டியலில் ‘கீறல் உள்ளது’ என்று போட்டால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவார். பழுதுக்குச் ‘சிராய்ப்பு’ என்று ஒதுக்கிவிடலாம்.

அப்புறம், இத்தகைய படங்களைப் பற்றிப் பேசும்போது வரும் ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்ற சொல்லுக்கு ‘அருவம்’ வேண்டாமே. ஹான்ஸ் ரிக்டரின் ‘ரிதமுஸ் 21’ படத்தில் வரும் சதுரங்களுக்கு உருவம் தெளிவாகவே இருக்கிறது. அவை வேறெதையும் சுட்டவில்லை, அவ்வளவுதான். ‘சுட்டா உரு’ என்று யோசிக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

இப்போது ஈழத்து நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்: தூரிகையால் வண்ணம் தீட்டுவதையும் ‘கீறுவது’ என்பீர்களா, பென்சில் கோட்டுக்கு மட்டுந்தானா?