ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினேன்

காட்பாடியிலிருந்து:

எங்கள் பள்ளி தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. வகுப்பில் 54 பிள்ளைகள். ரயில் போனாலும் பாடத்தை நிறுத்தமாட்டேன், அதற்கும் மேலே கத்துவேன். "உங்க பாடத்தை என் பிள்ளைங்களும் கேட்டுக்கிறாங்க" என்பார் பக்கத்து வகுப்பு டீச்சர். எனக்குப் பெருமையாக இருக்கும். சனி, ஞாயிறு என்றால் பட்டிமன்றம் வேறு.

போன வருஷம் மாசியில் குரல் கரகரத்தது. சித்தரத்தை, மிளகுப்பால் என்று மூன்று மாதம் ஓட்டினேன். நாலாவது பீரியடில் வெறும் காற்றுதான் வந்தது. கேமரா விட்டுப் பார்த்தபோது இரண்டு குரல்நாண்களிலும் நேருக்கு நேராக நொய்யரிசி போலக் காய்ப்பு. பெண்குரலில் நாண்கள் விநாடிக்கு ஏறக்குறைய 200 முறை மோதிக்கொள்ளுமாம். நாற்பது நிமிடத்தில் பாதி நேரம் குரல் எழுந்தாலே இரண்டு லட்சத்தைத் தாண்டும். காய்த்துப்போகாமல் என்ன செய்யும்!

ஆபரேஷன் வேண்டாம், முதலில் குரல் பயிற்சி என்றார்கள். பயிற்சி தந்த பெண் என் தொண்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நீங்க பேசும்போது யாராவது குறுக்கே பேசினா என்ன செய்வீங்க?" என்றார். என் கணவர் வாயைத் திறந்தார். "இருங்க, நான் சொல்றேன்" என்று குரலை உயர்த்தினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

அவர் சொல்லித்தான் தெரியும். அமெரிக்காவில் நெல்சன் ராய், டயான் பிளெஸ் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் குணத்துக்கும் குரல் கோளாறுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கலகலவென்று பழகி, யோசிக்காமல் பேசிவிடுகிறவர்களிடம் இந்தக் காய்ப்பு கூடுதலாம். தூசு, அசிடிட்டி எல்லாமும் சேர்ந்துதான், குணம் மட்டும் இல்லை. ஆனாலும் என் வீட்டில் இதையே பிடித்துக்கொண்டு விட்டார்கள்.

குடியாத்தத்திலிருந்து:

டீச்சர், எனக்கு நேரெதிர். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், அதிகம் பேசாதவன். துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த அன்று குரல் நின்றது, ஆறு வாரம் வரவில்லை. நாண்கள் சுத்தமாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நடிப்பு என்றே நினைத்தார்கள். நீங்கள் சொன்ன அதே ஆய்வில் என் மாதிரி ஆட்களும் உண்டு: கூச்சமும் கவலையும் உள்ளவர்கள், சொல்ல வந்ததை விழுங்குகிறவர்கள். தொண்டைத் தசை இறுகிக்கொள்கிறது.

பயிற்சியாளர் இருமச் சொன்னார். இருமல் கணீரென்று வந்தது! அதையே "ம்ம்" என்று இழுக்க வைத்தார், கழுத்தை மெல்லப் பிடித்துவிட்டார். முதலில் வந்த சொல் "மாமா". ஏனென்று கேட்காதீர்கள்.

செய்யாறு பக்கமிருந்து:

அப்பா கூத்து வாத்தியார். மேடையில் துரியோதனன், வீட்டில் பூனை. அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? கூத்து நடக்கும் நாட்களில் பகலில் காபிக்குக்கூட சைகைதான். ராத்திரி அவர் அடியெடுத்துக் கொடுத்தால் பின்பாட்டுக்காரர்கள் தாங்கிக்கொள்வார்கள். கிசுகிசுவென்று பேசவும் விடமாட்டார், அதுவும் தொண்டைக்கு ஆகாது என்பார்.

காட்பாடியிலிருந்து:

கிசுகிசு கூடாது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். எனக்குப் பின்பாட்டுக்கு ஆள் இல்லை, அதுதான் குறை. இப்போது ரயில் வந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன். முதல் வாரம் கை துறுதுறுத்தது. கடைசிப் பெட்டி போனதும் முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "டீச்சர், போயிடுச்சு."