மோரின் தீவு கனவா, சிறையா?

கேள்வி:
ஆங்கிலேயரான தாமஸ் மோர் 'யுடோப்பியா' (1516) நூலில் காட்டும் தீவை இலட்சிய நாடு என்கிறார்கள், எனக்கோ மூச்சு முட்டுகிறது. என் நாவலுக்கு ஒரு நகரம் அமைக்கிறேன். நல்ல சமூகம் எந்த இடத்தில் கொடுங்கனவாகிறது?

செழியன்:
வெளியேறும் வழியைப் பாருங்கள். மோரின் தீவில் 54 நகரங்கள். தினம் 6 மணி நேரம்தான் வேலை. கதவுக்குப் பூட்டில்லை, 10 ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கல் முறையில் வீடு மாறும். ஆனால் அனுமதியின்றி ஊர் தாண்டினால் தண்டனை, மறுமுறை பிடிபட்டால் அடிமை வாழ்வு. ஆடுமாடு அறுப்பதும் அடிமைகளே. உங்கள் நகரத்தில் அழுக்கு வேலை யார் தலையில் விழுகிறது? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மணிமொழி:
ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சாமியாத்தின் 1920-21இல் எழுதிய 'நாங்கள்' நாவலில் பூட்டில்லாக் கதவு கண்ணாடிச் சுவராகவே ஆகிவிடுகிறது. திரையை இறக்க இளஞ்சிவப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். சொந்த நேரம் மாலை 4-5, இரவு 9-10 மணி மட்டுமே. இதையெல்லாம் சொல்பவன் அரசை நம்பும் பொறியாளன் என்பதால் விதிகள் புகழுரையாகவே வருகின்றன, அதுதான் நடுங்க வைக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் அதிகாரி ஒருவரை விட்டுப் பத்துப் பக்கம் விளக்க வைப்பார்கள், கதை அங்கேயே படுத்துவிடும். ஒரே ஒரு விதியை எடுத்து, காலை முதல் இரவு வரை ஒருவர்மேல் ஓட்டிப் பாருங்கள்.

கதிர்:
செழியன் சொல்வது பாதிதான். திருடனைத் தூக்கிலிட்ட இங்கிலாந்தையும், ஆட்டு மேய்ச்சலுக்காக நிலம் இழந்த உழவர்களையும் பேசிய பிறகுதான் மோர் தன் தீவின் கதைக்கே போகிறார். உங்கள் நகரம் எந்த நோய்க்கு மருந்து என்பதையும் எழுதுங்கள்.