ஓடிஜியில் கேக்: ஃபேன் போடலாமா? டின் அலுமினியமா, கண்ணாடியா?

ஏலக்காய்:
28 லிட்டர் ஓடிஜி (பேக், டோஸ்ட், கிரில் மூணும் செய்ற சின்ன மின்சார அவன்). மேல்கம்பி மட்டும், கீழ்க்கம்பி மட்டும், இரண்டும், இரண்டும் ஃபேனோட என்று குமிழில் நாலு படம் இருக்கு. அரைக் கிலோ வெண்ணெய் கேக்குக்கு எதில் வைக்கணும்? அலுமினிய டின் வாங்கணுமா, வீட்டில் இருக்கிற கண்ணாடிப் பாத்திரமே போதுமா?

மாவுப்பதம்:
இரண்டு கம்பியும், ஃபேன் இல்லாம, 170 டிகிரி. வெளிர் நிற 7 அங்குல அலுமினிய டின். மாவு டின்னில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. டின்னோட நடு, அவனோட நடுவுக்கு வர்ற மாதிரி தட்டை இறக்கி வைங்க. 35 நிமிஷத்துக்கு அப்புறம் குச்சி குத்திப் பாருங்க.

ஃபேன் வேண்டாம்னு ஏன் சொல்றேன்னா, சின்ன அவனில் காற்று நேரா மாவு மேலேயே அடிக்கும். மேல்தோல் முதலில் இறுகிடும். உள்ளே இருக்கிற மாவு அதுக்கப்புறம்தான் உப்பும், வழியில்லாம நடுவில் பிளந்துக்கிட்டு வெளியே வரும். ஓடிஜியில் ஃபேன் பெரும்பாலும் பக்கச் சுவரில்தான் இருக்கு. அந்தப் பக்கம் சீக்கிரம் வெந்து நின்னுடும், எதிர்ப் பக்கம் தொடர்ந்து எழும். கேக் ஒரு பக்கமா சாய்றதுக்கு இதுதான் காரணம்.

தட்டும் தணலும்:
இதை ஒத்துக்க முடியாது. பிளவுக்குக் காரணம் ஃபேன் இல்ல, ஃபேன் போட்டும் சூட்டைக் குறைக்காததுதான். ஓடும் காற்று வேகமா சூட்டைக் கடத்தும், அதனால செய்முறையில் 170 போட்டிருந்தா 150 வைக்கணும். பேக்கிங் பவுடர் கூடினாலும், டின் சின்னதா இருந்தாலும் ஃபேன் இல்லாமலே பிளக்கும்.

ஃபேன் இல்லாத சின்ன ஓடிஜியில் வேற தொல்லை இருக்கு. மேல்கம்பிக்கும் கேக்குக்கும் இடையே மூணு நாலு அங்குலம்தான் இருக்கும். சிவந்த கம்பி நேரடியா வீசுற அனலில் மேல்பக்கம் கருகும், உள்ளே பச்சையா நிற்கும். காற்று ஓடினா கம்பி கம்மியா சிவந்தாலே அதே வேலை நடக்குது.

மாவுப்பதம்:
மேல்பக்கம் கருகுறதுக்கு ஃபேன் மருந்தில்லைங்க. முன்சூட்டில் கம்பி முதல் தடவை அணைஞ்சதும் டின்னை உள்ளே வைக்கிறாங்க, அதுதான் தப்பு. அப்போ காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர் ஆகியிருக்காது. கதவைத் திறந்ததும் சூடு இறங்கிடும், கம்பி மறுபடி முழுசா சிவக்கும், பச்சை மாவு அதுக்கு நேர் கீழே இருக்கும். இன்னும் பத்து நிமிஷம் விட்டு வைங்க.

அப்படியும் மேலே நிறம் ஏறினா, 25 நிமிஷத்துக்கு மேல், தோல் இறுகின பிறகு, அலுமினியத் தாளைத் தளர்வா மூடுங்க. ஃபேன் ஓடுற அவனில் இதைச் செய்யவே கூடாது. தாள் பறந்து கம்பியில் படும்.

தட்டும் தணலும்:
தாள் விஷயம் சரி, ஃபேன் மோடில் டின் விளிம்பில் இறுக்கிக் கட்டாம தாள் வைக்கக் கூடாது. ஆனா குக்கீஸ் இரண்டு தட்டு ஒரே நேரத்தில் வைக்கணும்னா ஃபேன் இல்லாம முடியாது. பஃப்ஸுக்கும் அதுதான். தட்டு சுவரை ஒட்டி உட்கார்ந்தா காற்று சுத்தாது, நாலு பக்கமும் ஒரு அங்குலமாவது விடணும்.

அடுமனைக்காரர்:
மோடுக்கே சண்டை போடுறீங்க, பாத்திரத்தை யாரும் பார்க்கல. அலுமினியம் சூட்டைக் கடத்துறதில் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் மேல். அதே 170-இல் கண்ணாடி முதலில் சோம்பிக் கிடக்கும், சூடேறினா விடாது. கேக்கை வெளியே எடுத்த பிறகும் விளிம்பு வெந்துக்கிட்டே இருக்கும். அதனால விளிம்பு முறுகி, நடு குழைஞ்சு போகும். கண்ணாடியில் வைச்சே ஆகணும்னா 15 டிகிரி குறைச்சு, நேரத்தைக் கூட்டுங்க.

கறுப்பு நான்ஸ்டிக் டின் கம்பியோட அனலை நல்லா இழுக்கும், அடியும் பக்கமும் முந்திடும். அதுக்கும் 10, 15 டிகிரி குறைக்கணும். ஆனா ஃபேனுக்கு 20, கறுப்பு டின்னுக்கு 15ன்னு இரண்டையும் கழிச்சு 135-இல் வைக்காதீங்க. மாவு இறுகறதுக்குள்ள பேக்கிங் பவுடர் வேலையை முடிச்சுடும், கேக் அடர்த்தியா, வறண்டு வரும். ஃபேனுக்கு மட்டும் கழிச்சுட்டு, கறுப்பு டின்னுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே பார்க்க ஆரம்பிங்க.

சிலிக்கான் அச்சு சூட்டைக் கடத்தாது, தனியா நிற்கவும் நிற்காது. கம்பித் தட்டில் வைக்காம உலோகத் தட்டு மேல வைங்க.

மாவுப்பதம்:
கண்ணாடியை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை. கேரமல் புட்டிங்குக்கு அந்த மந்தம்தான் வேணும். ஆழமான தட்டில் கிண்ணங்களை வைச்சு, பாதி உயரத்துக்குச் சுடுதண்ணி ஊத்தி, 150-இல் ஃபேன் இல்லாம வைச்சா முட்டை திரியாது. அலுமினியக் கிண்ணத்தில் விளிம்பு முந்தி ஓட்டை ஓட்டையா ஆகிடும்.

அடுமனைக்காரர்:
புட்டிங்குக்குச் சரி, மறுக்கல. ஆனா கிரில்லுக்குக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். பனீர் டிக்காவோ மீனோ மேல்கம்பியில் வாட்டும்போது மேலே 230 டிகிரிக்கும் மேல் ஏறும், அடி குளிர்ந்தே கிடக்கும். அந்த வித்தியாசத்தில் கண்ணாடி விரிசல் விடும். போரோசிலிகேட், அதாவது அவனுக்குன்னு விற்கிற சூடு தாங்கும் கண்ணாடி, சாதாரண கண்ணாடியைவிட மூன்றில் ஒரு பங்குதான் விரிவடையும், அதனால தாங்குற அளவு அதிகம். ஆனாலும் சூட்டோட ஈரக் கல்மேடையில் வைச்சா அதுவும் உடையும். கிரில்லுக்கு இரும்பு அல்லது எவர்சில்வர் தட்டு. நான்ஸ்டிக் பூச்சு 260-க்கு மேல் சிதையும், கம்பிக்குப் பக்கத்தில் அந்தச் சூடு சுலபமா வந்துடும்.

ஏலக்காய்:
கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் (சூடான காற்றிலும் பேக் செய்யக்கூடிய மைக்ரோவேவ்) வைச்சிருக்கிறவங்களுக்கும் இதே கணக்கா? அதில் ஃபேனை நிறுத்த வழியில்லையே?

தட்டும் தணலும்:
ஆமா, கன்வெக்‌ஷன் மோடில் ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்கும். குட்டை ஸ்டாண்டு மேல அலுமினிய டின், 150-160. அந்த மோடில் உலோகம் வைக்கலாம். மைக்ரோ மோடில் கூடாது. காம்பி மோடில் உள்ளே மைக்ரோவேவும் ஓடும், அதனால கம்பெனி கொடுத்த ஸ்டாண்டு தவிர உலோகம் எதுவும் வேண்டாம், போரோசிலிகேட் வைங்க. பொத்தானை மாத்தி அழுத்தி டின்னோட மைக்ரோ ஓடவிட்டா தீப்பொறி பறக்கும். ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடி திரையில் டிகிரி காட்டுதா, வாட்ஸ் காட்டுதான்னு பாருங்க.